காத்மாண்டு விமானத்தில் ஏன் இடது ஜன்னல்?

டில்லியிலிருந்து காத்மாண்டு போகும் விமானத்தில் இமயமலையைப் பார்க்க இடது பக்கம்தான் உட்கார வேண்டும். போய்வந்தவர்கள் எல்லோரும் இதையே சொல்வார்கள். விமானம் கிழக்கே போகிறது, மலை வடக்கே இருக்கிறது, அதனால் இடது. இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி சூரியன். ஜன்னல் சீட் பிடிக்கும்போது பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

டில்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் நிற்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை உதிப்பதும் மறைவதும்கூடத் தெற்கே தள்ளித்தான். ஆக, வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து மலையின் தெற்குச் சரிவில் விழுகிறது. நீங்கள் பார்ப்பதும் அதே சரிவைத்தான். பனி பளீரென்று தெரிவது அதனால்தான்.

சூரியனைப் பார்த்த பக்கம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? காற்றில் மிதக்கும் தூசும் நீர்த்துளிகளும் தங்கள் மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சிதறடிக்கின்றன. அந்தச் சிதறல் நேராக நம் கண்ணுக்கு வந்து, வெளியே உள்ள எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். போதாததற்கு, ஜன்னல் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. அதிலுள்ள நுண்கீறல் ஒவ்வொன்றும் வெயிலில் மின்னும்.

டில்லியிலிருந்து லே போகும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய நேர் வடக்கே பறக்கிறது. மலைகள் இரண்டு பக்கமும் உண்டு. அங்கே முடிவு செய்வது சூரியன் மட்டும்தான். காலை விமானம் என்றால் வெயில் வலப்பக்கம். வலது ஜன்னலில் தெரிவது மலைகளின் நிழல் முகம், இடது ஜன்னலில் வெயில் பட்ட முகம். இடது பக்கமே என் தேர்வு.

காத்மாண்டு வழிக்கு வருவோம். முதல்முறை போகிறவர்கள் மலை கீழே இருக்கும் என்று குனிந்து தேடுவார்கள். அது கிட்டத்தட்ட கண் மட்டத்தில் இருக்கிறது! விமானம் 35,000 அடியில், அதாவது 10.7 கி.மீ. உயரத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8,167 மீட்டர் உயரமுள்ள தவுளகிரி 150 கி.மீ. தள்ளி இருந்தால், பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதன் உச்சி கண் மட்டத்துக்கு ஒன்றரை டிகிரி போலத்தான் கீழே தெரியும். அடிவானமோ மூன்று டிகிரிக்கும் மேல் கீழே. அதனால் சிகரம் அடிவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கையை நீட்டினால் கட்டைவிரல் மறைத்துவிடும் உயரம்தான். அதனாலேயே மேகவரிசை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அசையாமல், விளிம்பு கூர்மையாக இருந்தால் அது மலை. தவுளகிரிக்கு அப்புறம் அன்னபூர்ணா, அதற்கும் கிழக்கே மனாஸ்லு.

குளிர்காலத்தில் கங்கைச் சமவெளியின் புகைமூட்டம் பெரும்பாலும் 2 கி.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும், சிகரங்கள் அதற்கு மேலே தெளிவாக நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் தரை சுட்டு, தூசு 4, 5 கி.மீ. வரை எழுவதால் மலை மங்கிப்போகும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். எந்தப் பருவமானாலும் காலை விமானமே நல்லது. வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று சூடாகி மேலெழுந்து, மதியத்துக்குள் மேகம் திரண்டுவிடும்.

சரி, எந்த வரிசை? ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்றவற்றில் ஏ எழுத்து இடது ஜன்னல், எஃப் வலது ஜன்னல். நடு வரிசைகளில் இறக்கை மறைக்கும். பின்னால் போனால் எஞ்சினின் சூடான புகை குறுக்கே வந்து காட்சியை நடுங்கச் செய்யும். முன்வரிசைகளே மேல். 737-இல் ஒரு எச்சரிக்கை: இறக்கைக்குச் சற்று முன்னால் சுவருக்குள் ஏசி குழாய் ஏறுவதால், அந்த இடத்தில் ஜன்னலே இல்லாமல் போகலாம்.

எவரெஸ்ட் காத்மாண்டுக்குக் கிழக்கே சுமார் 160 கி.மீ. தள்ளி இருக்கிறது. விமானம் அதற்கு முன்பே இறங்கிவிடுவதால் பக்கவாட்டு ஜன்னலில் அது நேர் எதிரே வராது. ஆனால் காத்மாண்டில் நெரிசல் நேரத்தில் தரையிறங்க அனுமதி கிடைக்கும்வரை விமானங்கள் வானில் வட்டமிடுவது வழக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் மலை பக்கம் மாறும். இடது கிடைக்காமல் எஃப் சீட்டில் உட்கார்ந்திருந்தால், அந்த நேரத்தில் ஜன்னல் மறைப்பை மூடிவிடாதீர்கள்.