தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடாது

விமான டிக்கெட் பதிவுத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது அனுபவம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞர், ஞாயிறு காலை புறப்படும் டிக்கெட் வேண்டும் என்று சனிக்கிழமை வந்து நின்றார். இரு நகரங்களுக்கும் இடையே 12,000 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், ஆகவே சுமார் பதின்மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த நகரத்துக்கு நேரடி விமானமே இல்லை. இடையில் ஓரிடத்தில் இறங்கி மாற வேண்டும், போய்ச் சேரும் நகரத்தின் கடிகாரமோ இங்கிருப்பதைவிட ஐந்து மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கிடைத்த மிக விரைவான விமானத்தில் சென்றாலும் திங்கள் நண்பகலுக்கு முன் அவரால் தரையிறங்க முடியாது என்று சொல்லும்போது எனக்கே மனம் வலித்தது.

இணையத்தில் நீங்கள் பார்க்கும் தூரம், பூமியின் வளைவைப் பின்பற்றி இரு ஊர்களுக்கிடையே இழுத்த மிகக் குறுகிய கோட்டின் நீளம் மட்டுமே. விமானம் அந்தக் கோட்டின் மீதே பறக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். அது மாறவே இல்லை. ஆனால் 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஒன்பதரை மணி நேரமாக இருந்த அந்தப் பயணம் சுற்றுப்பாதையால் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. லண்டனிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர். 900 ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். அட்டவணையிலோ மேற்கு நோக்கிச் செல்ல சுமார் எட்டு மணி நேரமும், திரும்பி வர சுமார் ஏழு மணி நேரமும் இருக்கும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டமே இதற்குக் காரணம். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது அந்தக் காற்றின் துணையால் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. அதை நம்பி யாரும் திட்டமிட முடியாது.

அட்டவணையில் உள்ள நேரத்தை எங்கள் தொழிலில் ‘பிளாக் டைம்’ என்போம். பயணிகள் ஏறும் கேட்டிலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் கேட்டுக்கு வந்து நிற்பது வரை உள்ள நேரம் அது. குடியேற்றச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பது, நகருக்குள் செல்வது ஆகியவை அதில் அடங்காது.

டிக்கெட்டில் உள்ள இரு நேரங்களைக் கழித்துப் பார்க்கவும் வேண்டாம். அவை அந்தந்த ஊரின் நேரங்கள். கோடைக்காலத்தில் மாலை 5 மணிக்கு டோக்கியோவில் புறப்பட்டால், பத்து மணி நேரம் பறந்தபின் அதே நாள் காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்கலாம்.

விலை குறைவென்று இரண்டு விமானங்களுக்குத் தனித்தனியாக டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொதுவாகப் பொறுப்பேற்காது, டிக்கெட் வீணாகும். ஒரே டிக்கெட்டாக எடுங்கள், முடிந்தால் முக்கியமான நிகழ்ச்சிக்கு ஒரு முழு நாள் முன்பே போய்ச் சேருங்கள். தயவுசெய்து, தேதியை ஒப்புக்கொண்டபின் டிக்கெட் தேடாமல், விமான அட்டவணையைப் பார்த்தபின் தேதியை ஒப்புக்கொள்ளுங்கள்.