மியான்மர்க்காரர்களுக்கான டி.பி.எஸ். ரத்து: யாரைப் பாதிக்கும், யாரைப் பாதிக்காது

அமெரிக்காவில் இருக்கும் மியான்மர்க்காரர்களுக்குக் கொடுத்திருந்த டி.பி.எஸ். பாதுகாப்பை முடித்துக்கொள்வதாக அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 நவம்பரில் அறிவித்தது. அறிவிப்பில் குறித்த நாள் 2026 ஜனவரி 26. ஏறக்குறைய 4,000 பேர் இதில் வருகிறார்கள்.

டி.பி.எஸ். என்பது தற்காலிகப் பாதுகாப்பு நிலை. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஒரு நாட்டில் போர், பேரிடர் போன்ற நிலைமை வந்தால், ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கும் அந்நாட்டவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், வேலை செய்யவும் அனுமதி தருவார்கள். ஒரு தடவைக்கு 6 முதல் 18 மாதம். அதிலிருந்து நேராகக் கிரீன் கார்டு கிடைக்காது.

மியான்மரில் 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த மே மாதம் டி.பி.எஸ். கொடுத்தார்கள், பிறகு இரண்டு முறை நீட்டித்தார்கள். 2024 மார்ச் 21 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் வசிப்பவர்கள் வரை இதில் சேர முடிந்தது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல், கடைசியாக மியான்மரில் வாழ்ந்தவர்களுக்கும் இடம் இருந்தது. யாங்கூன் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து போனவர்களுக்கும் இதே விதிதான்.

சரி, ஏன் ரத்து? அவசரநிலை முடிந்துவிட்டது, தேர்தல் வரப்போகிறது, போர்நிறுத்த ஒப்பந்தங்கள் ஆகியிருக்கின்றன என்று துறை அப்போது சொன்னது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2020 தேர்தலில் வென்ற கட்சியை ராணுவம் 2023-இலேயே கலைத்துவிட்டது. 2024 முதல் 18–35 வயது ஆண்களையும் 18–27 வயதுப் பெண்களையும் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதே அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறை, ‘மியான்மருக்குப் போகாதீர்கள்’ என்று தன் குடிமக்களுக்கு உச்சபட்ச எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. அமெரிக்கர் போகக் கூடாத ஊருக்கு, அந்த ராணுவத்துக்குப் பயந்து வந்தவர் மட்டும் எப்படித் திரும்பிப் போவார்?

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அகதியாகவே அழைத்துவரப்பட்டுக் குடியேறிய சின், கரேன், ரோஹிங்யா மக்களின் நிலை வேறு. அவர்கள் ஓராண்டுக்குப் பின் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். டி.பி.எஸ். முடிவதால் அவர்களுடைய அகதி நிலை போகாது. அமெரிக்காவுக்கு வந்த பிறகு விண்ணப்பித்து அடைக்கலம் கிடைத்தவர்களுக்கும் அப்படித்தான்.

டி.பி.எஸ். மட்டும் வைத்திருப்பவர், அது முடிந்ததும் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவார். மாணவர் விசா இன்னும் செல்லுபடியானால் அதில் தொடரலாம். எதுவும் இல்லையென்றால் வேலை அனுமதி போகும், நாடுகடத்தும் நடவடிக்கை வரலாம். அதோடு, சட்டவிரோதமாகத் தங்கிய நாட்களும் எண்ணப்படத் தொடங்கும். 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ ஆனால் 10 ஆண்டும் திரும்ப வரத் தடை. மியான்மர்க் குடிமக்கள் நுழைவதற்கு 2025 ஜூனிலேயே தனியாக ஒரு தடை வந்துவிட்டது. ஆகவே வெளியேறும் முடிவை அவசரத்தில் எடுக்க வேண்டாம்.

அடைக்கல விண்ணப்பத்துக்கு, வந்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதைத் தவறவிட்டவர்கள் பலர் இனி வழியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. டி.பி.எஸ்.-இல் இருந்த காலத்தை விதிவிலக்காகக் காட்டலாம். ஆனால் அது முடிந்த பின் ‘நியாயமான காலத்துக்குள்’ விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை நாள் என்று விதியில் எண் இல்லை, அதனால் தள்ளிப்போடக் கூடாது.

இப்படிப்பட்ட ரத்துகளை எதிர்த்து வழக்குகள் போவதுண்டு, நீதிமன்றம் நிறுத்திவைத்தால் தேதியும் மாறும். எனவே இப்போதைய நிலவரத்தைக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறையின் மியான்மர் பக்கத்தில் பாருங்கள். அங்கே நாட்டின் பெயர் ‘பர்மா’ என்றுதான் இருக்கும். அப்புறம், காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவர் வழக்கறிஞர் அல்ல. சட்ட ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கும் நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதிக்கும் மட்டுமே அனுமதி உண்டு.