உங்கள் பழைய கேம் கேசட்டுக்கு யாரும் கோடி தரப்போவதில்லை, தயவுசெய்து அதைப் பாழாக்காதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்ற வீடியோ கேம், 1987-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட தங்க நிறக் கேசட். வைத்திருந்தவர் அதன் ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்துவிட்டு, பளபளவென்று பிரிண்ட் எடுத்த புது ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார். உள்ளே இருந்த பேட்டரியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதில் சர்க்யூட் போர்டிலிருந்த செம்புத் தடமும் சேர்ந்து பெயர்ந்து வந்திருக்கிறது. இத்தனையும் செய்துவிட்டு, "இது எட்டு லட்சம் டாலருக்குப் போகுமாமே சார்?" என்று கேட்கிறார்.

பழைய கேம் கருவிகளைப் பழுது பார்ப்பதும் கேசட்டுகளுக்கு மதிப்புச் சொல்வதும் என் தொழில். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ஒரு செல்டாவை 8,70,000 டாலருக்கு விற்றது உண்மைதான். இரண்டே நாளில் 'சூப்பர் மாரியோ 64' ஒன்று 15,60,000 டாலருக்குப் போனதும் உண்மை. செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு, 'சீல் பிரிக்காதது' என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதாவது, கடையில் எப்படி இருந்ததோ அப்படியே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் பெட்டி. யாரும் அதை ஒருமுறைகூட விளையாடவில்லை. அந்த மாரியோவுக்குத் தரமிடும் நிறுவனம் பத்துக்கு 9.8 மதிப்பெண் கொடுத்திருந்தது. உறைக்குத் தனியாக A++, அதாவது மிக உயர்ந்த தரம். வாங்கியவர் காசு கொடுத்தது நசுங்காத அட்டைப் பெட்டியின் முனைகளுக்கும் கிழியாத அந்த உறைக்கும்தான். கேசட் உள்ளே இருக்கிறது, அவ்வளவே. செல்டா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அது ஆரம்ப கால அச்சுகளில் ஒன்று, கொஞ்ச காலமே வெளிவந்த பதிப்பு.

உங்களிடம் இருப்பது விளையாடித் தேய்ந்த, பெட்டியில்லாத கேசட். மாரியோ 64 ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்ற கேம். செல்டா 65 லட்சம். பெட்டி, கையேடு எதுவும் இல்லாமல் தனிக் கேசட்டாக விற்றால் இரண்டுமே சில பத்து டாலர்கள்தான் பெறும். அந்த ஏல விலைக்கும் இதற்கும் நடுவே ஏணி வைத்தாலும் எட்டாது.

"சரி சார், ஆனா முப்பத்தைந்து வருஷத்துப் பழசு ஆச்சே!"

பழசாக இருப்பதால் மட்டும் விலை ஏறாது. 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' நின்டெண்டோவின் கேம் கருவியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. 4 கோடிப் பிரதிகளுக்கும் மேல் வெளியே போயிருக்கிறது. தடுக்கி விழுந்தால் கிடைக்கும். அதற்கு ஏழு வருடம் கழித்து டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'லிட்டில் சாம்சன்' அதிகம் விற்கவில்லை, அந்தக் கருவியின் காலமே முடிந்துகொண்டிருந்தது. இன்று அதன் தனிக் கேசட்டே ஆயிரம் டாலரைத் தாண்டும். 'ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்' இன்னும் வேடிக்கை. பாண்டாய் நிறுவனம் 1987-ல் வெளியிட்டது. நின்டெண்டோ அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று, 'வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட்' என்று பெயர் மாற்றி மறுபடி வெளியிட்டது. விளையாட்டு ஏறக்குறைய அதேதான். பழைய பெயர் ஸ்டிக்கர் இருந்தால் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள், புதுப் பெயர் இருந்தால் சீண்ட ஆளில்லை. 1990-ல் நடந்த நின்டெண்டோ உலகச் சாம்பியன்ஷிப் கேசட்டுகள் சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26 மட்டுமே கொடுக்கப்பட்டன. கடையில் விற்கவே இல்லை. எத்தனை இருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றையும்தான் பார்ப்பார்கள். ('9999 இன் 1' என்று எழுதிய மஞ்சள் கேசட் வைத்திருப்பவர்கள் எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். விளையாடி மகிழுங்கள்.)

"இணையத்தில் இதே கேசட்டுக்கு ஐயாயிரம் டாலர் போட்டிருக்காங்களே?" போட்டிருக்கிறார்கள், விற்கவில்லை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதைப் போட்டுப் பாருங்கள், ஒரே நிமிடத்தில் தெளிந்துவிடும். 2021-ன் உச்ச விலைகள் பல வகைகளில் பிறகு இறங்கியும்விட்டன.

இப்போது துடைக்கிற விவகாரம். அழுக்கைப் போக்கினால் விலை ஏறும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அடாரி நிறுவனத்தின் 'ஈ.டி.' கேம் கேசட்டுகள் 1983-ல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. 2014-ல் தோண்டி எடுத்தபோது நசுங்கி, மண் ஒட்டி, நாற்றமடித்தபடி வெளியே வந்தன. அந்த ஊர் நிர்வாகம் சான்றிதழோடு அவற்றையும் கூடவே கிடைத்த மற்ற கேசட்டுகளையும் ஏலம் விட்டு, மொத்தமாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. சுத்தமான, ஓடுகிற ஈ.டி. கேசட் சல்லிசாகக் கிடைக்கும்போதே இது நடந்தது. யாராவது அந்த மண்ணைக் கழுவியிருந்தால்?

ஆகவே, ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். கிழிந்திருந்தாலும், யாரோ பேனாவால் பெயர் எழுதியிருந்தாலும் அசல் அசல்தான். புது ஸ்டிக்கர் ஒட்டி அதைச் சொல்லாமல் விற்பது மோசடி.

ஊதாதீர்கள். கழற்றி ஊதிப் போட்டதும் ஓடியது என்பது காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஓடவைத்தது மறுபடி செருகியதுதான். உங்கள் எச்சில் ஈரம் கேசட்டின் அடியிலுள்ள உலோகப் பின்களை அரிக்கும், நின்டெண்டோவே ஊதாதே என்று எச்சரித்திருக்கிறது. பின்களை மட்டும், 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து உலர விடுங்கள். உப்புத்தாள், பற்பசை, உலோகப் பாலிஷ், இதெல்லாம் தங்க முலாமைச் சுரண்டிவிடும். (கேசட்டின் பின்புறம் ஆல்கஹாலே கூடாது என்று அச்சடித்திருக்கும். தெரியும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.)

பிரிக்கத்தான் வேண்டுமென்றால் 3.8 மி.மீ. கேம்பிட் (இந்தக் கேசட் திருகுகளுக்கான தனி முனை) வாங்குங்கள். நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸின் கேசட்டுக்கு மூன்று இதழ் ஸ்க்ரூ டிரைவர். பேனா முனையை உருக்கித் திருகில் அழுத்தும் வித்தையை எந்த வீடியோவில் பார்த்தீர்களோ, மறந்துவிடுங்கள்.

பேட்டரி மாற்றுவதற்கு முன் தயவுசெய்து ஒருமுறை யோசியுங்கள். செல்டாவிலும் 'போகிமான் கோல்ட்'டிலும் சேவ், அதாவது ஆடி நிறுத்திய இடத்தின் பதிவு, முழுக்க அந்தப் பேட்டரியின் தயவில் இருக்கிறது. கழற்றினால் போச்சு. சின்ன வயதில் நீங்களோ உங்கள் அண்ணனோ விளையாடிய சேவ் அதில் இருக்கலாம். முதலில் அதைப் படியெடுத்துத் தரும் ஆளிடம் கொடுங்கள். மாற்றும்போது, உலோகக் காலோடு பற்றவைத்து வரும் பேட்டரியை வாங்கிப் போடுங்கள். வெறும் பேட்டரி மேல் நேரடியாக சால்டரிங் வைத்தால் வெடிக்கலாம்.

அப்புறம் போலிகள். அதிகம் ஏமாறுவது போகிமானில்தான், அதிலும் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த 'எமரால்டு'. ஸ்டிக்கரைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அசலில் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதிந்திருக்கும், மைகூட இருக்காது. கீழே பின்கள் தெரியும் இடுக்கில், போர்டின் மேல் நின்டெண்டோ பெயர் தெரிய வேண்டும். உள்ளே சிப்புக்குப் பதில் கறுப்புத் தார்ச் சொட்டு போல ஒன்று இருந்தால் சந்தேகப்படுங்கள். தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், சில பழைய அசல் கேசட்டுகளிலும் அது உண்டு. "பேட்டரி தீர்ந்ததால் எமரால்டில் சேவ் ஆகவில்லை" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அசல் எமரால்டில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். சேவ் ஃபிளாஷ் சிப்பில் இருக்கும், பேட்டரி செத்தாலும் போகாது.

சீல் பிரிக்காத பெட்டி கிடைத்தால் உள்ளே இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காதீர்கள், விலைச் சீட்டைக்கூட உரிக்காதீர்கள். வாங்குவதானால் சீலை மட்டும் நம்பாதீர்கள். உறை சுற்றும் இயந்திரம் யாருக்கும் சல்லிசாகக் கிடைக்கும். உறையின் பின்பக்க ஒட்டுக்கோடு எப்படி ஓடுகிறது என்று அதே கேமின் உறுதியான அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியில்லாத கேசட் என்றால் போர்டின் இரு பக்கமும் தெளிவான படம் கேளுங்கள். "திறக்கக் கருவி இல்லை" என்று இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.