ரெண்டரிங்: தமிழில் என்ன சொல்வது?

‘ரெண்டர் முடிஞ்சுதா?’ இன்டீரியர் வேலை செய்யும் இடங்களில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது காதில் விழும் கேள்வி. ரெண்டர் ஓடுது, ரெண்டர் போட்டு அனுப்பு, ரெண்டர்ல புள்ளி புள்ளியா வருது என்று பேச்சு முழுக்க இந்த ஒரு சொல்தான். கணினியில் கட்டிய அறை வடிவத்துக்கு ஒளியும் வண்ணமும் ஏற்றி, புகைப்படம் போல ஒரு படமாக எடுப்பதுதான் ரெண்டரிங். வாடிக்கையாளர் வாயில் அதுவும் கிடையாது. அவருக்கு எல்லாமே ‘த்ரீடி’. தினமும் புழங்குகிற வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அதனால் வேரிலிருந்து தேடிப் பார்த்தேன்.

ரெண்டர் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சின் ‘ராந்த்ர்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கும் முந்தியது இலத்தீனின் ‘ரெத்தெரே’. ‘ரே’ என்றால் திரும்ப, ‘தரே’ என்றால் கொடுத்தல். ஆக, திருப்பிக் கொடுத்தல். இந்த ஒரு கருத்திலிருந்துதான் அத்தனை பொருள்களும் கிளைத்தன. ஒரு மொழியில் வாங்கியதை இன்னொரு மொழியில் கொடுத்தால் மொழிபெயர்ப்பு. கண்ணால் வாங்கியதைத் தாளில் கொடுத்தால் ஓவியம். கொழுப்பை உருக்கி எடுப்பதற்கும், சுவருக்குப் பூசும் முதல் பூச்சுக்கும்கூட ஆங்கிலத்தில் இதே பெயர்தான். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே கட்டட வரைபடத்துக்கு நீர்வண்ணத்தால் நிழல் ஏற்றியதையும் ரெண்டரிங் என்றே சொன்னார்கள். 1920களில் நியூயார்க்கின் வானளாவிகளைக் கரிக்கோலால் இருளும் ஒளியுமாக வரைந்த ஹியூ ஃபெரிஸின் வேலையும் இதில் சேரும்.

கணினிக்கு வந்தபின் அந்த இலத்தீன் பொருள் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்திப்போகிறது. அறை நமக்குத் தெரிவது அதிலுள்ள பரப்புகள் வாங்கிய ஒளியைத் திருப்பிக் கொடுப்பதால்தானே? ஜன்னல் வழியே வந்த வெயில் தரையில் விழுகிறது, தரை அதில் ஒரு பங்கைக் கூரைக்குக் கொடுக்கிறது, கூரை சுவருக்குக் கொடுக்கிறது. சிவப்புச் சுவரின் பக்கத்தில் வெள்ளை அலமாரி இருந்தால் அலமாரியிலும் லேசாகச் சிவப்பு கசியும். 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு சின்னப் பெட்டியறையை வைத்து இந்தக் கசிவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1986இல் கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார்: ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி என்பது அது தானாக உமிழ்வதும், எல்லாத் திசையிலிருந்தும் வாங்கித் திருப்புவதும் சேர்ந்தது. இன்று நாம் உட்கார்ந்து காத்திருப்பதெல்லாம் இந்தக் கணக்கு முடிவதற்காகத்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். மென்பொருள் பட்டிகளை (மெனு) மொழிபெயர்க்கும்போது சிலர் ‘வழங்கு’ என்று போட்டுவிடுகிறார்கள். வேர்ப்பொருளைப் பாதி பிடித்திருக்கிறது. ஆனால் ‘அறையை வழங்கு’ என்றால் யாருக்கு எதை என்றுதான் கேட்கத் தோன்றும். ‘காட்சியாக்கம்’ நல்ல சொல்தான். ஆனால் புள்ளிவிவர வரைபடத்துக்கும் அதையே சொல்கிறோம். வாய் அகலமான பாத்திரம் அது. ‘தீட்டல்’ எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தீட்டுவது என்றதும் கையும் தூரிகையும் வந்து நிற்கின்றன.

எனக்குக் கிடைத்த சொல் நெடுநல்வாடையில் இருந்தது. அந்தப் பாட்டில் ஓர் அரண்மனை உள்ளறை வருகிறது. யவனர் செய்த பாவை விளக்கு, அதன் கையில் ஏந்திய அகல் நிறைய நெய், பருத்த திரி, நிமிர்ந்து எரியும் சுடர். ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கவிஞர் கட்டிலுக்குப் போகிறார். அங்கே தலைவனைப் பிரிந்து அணிகளைந்து கிடக்கும் அரசியை ‘புனையா ஓவியம் கடுப்ப’ என்கிறார். புனையா ஓவியம் என்பது வண்ணம் ஏற்றாமல் கோட்டால் மட்டும் எழுதிய சித்திரம். மெட்டீரியலும் (பரப்புகளின் நிறமும் தன்மையும்) விளக்கும் வைக்காமல், வெறும் வடிவத்தைச் சாம்பல் நிறத்தில் எடுத்து அனுப்புகிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அது புனையாப் படம். ஒளியும் வண்ணமும் ஏற்றியது புனைபடம். அந்தச் செயல் படம் புனைதல்.

புனைவு என்றால் இன்று கட்டுக்கதை என்றுதானே பொருள் என்று கேட்பீர்கள். அந்த ஐயம் நியாயமானது. நானே அதில் விழுந்திருக்கிறேன். ஒரு சின்னப் படுக்கையறையை மென்பொருள் கேமராவின் 18 மி.மீ. லென்ஸில் எடுத்துக் கொடுத்தேன். இந்த எண் குறையக் குறையப் படத்தில் அதிக இடம் அடங்கும், அறையும் பெரிதாகத் தெரியும். படத்தில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஆள் நடந்து போகலாம். வேலை முடிந்து உள்ளே நுழைந்த வீட்டுக்காரம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, ‘படத்துல பெரிசா இருந்துச்சே தம்பி’ என்றார். சுவரின் அளவில் ஒரு அங்குலம்கூட நான் மாற்றவில்லை, ஆனாலும் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதிலிருந்து 24 மி.மீ.க்குக் கீழே போவதில்லை. அறை முழுதும் அடங்காவிட்டால் இரண்டு படமாகக் கொடுக்கிறேன்.

பூப் புனைதல், மாலை புனைதல் என்ற பழைய பொருளில் பொய் கிடையாது. இருப்பதை ஒழுங்குபடுத்தி அழகாக வைப்பது அது. படத்துக்குள் எது எங்கே வரவேண்டும் என்று அமைக்கிற கம்போசிஷன் என்பதன் இலத்தீன் வேரும் சேர்த்து வைத்தல்தான். அதைச் ‘சட்டக அமைவு’ என்று சொல்லலாம். லைட்டிங்குக்கு ‘ஒளியமைப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புனைதலுக்குள் இவை இரண்டும் அடங்கிவிடுகின்றன.

ஒரு வரவேற்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் பன்னிரண்டு ஸ்பாட் லைட். பன்னிரண்டையும் எரியவிட்டால் படம் வெளுத்துப்போய், சோஃபா அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். முக்கால்வாசியை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் 6500 கெல்வினை ஒட்டிய நீலம் சாய்ந்த பகலொளி, மூலையில் 2700 கெல்வினில் மஞ்சள் சாய்ந்த ஒரே ஒரு நிலை விளக்கு என்று வைத்துப் பாருங்கள் (கெல்வின் என்பது இங்கே ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு). சோஃபா கைப்பிடியின் ஒரு பக்கம் நீலம் படியும், மறுபக்கம் மஞ்சள். நடுவில் துணியின் மடிப்பு எழுந்து தெரியும். அடுத்து, நின்ற கண்மட்டத்தில் இருக்கும் கேமராவை 1.2 மீட்டருக்கு இறக்க வேண்டும். மேசையும் இருக்கையும் தங்கள் உயரத்தோடு தெரியும். கேமரா மேலோ கீழோ சாயக்கூடாது. சாய்ந்தால் சுவரின் செங்குத்துக் கோடுகள் கூம்பிவிடும்.

இப்போது என் கோப்புகளுக்குப் பெயரே ‘வரவேற்பறை புனையாப் படம் 1’ என்றுதான் வைக்கிறேன். முதல் முறை அனுப்பியபோது, ‘இது இன்னும் புனையலையா, சரி, புனைஞ்சிட்டு அனுப்புங்க’ என்று பதில் வந்தது. நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.