ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளவில்லையா? நீங்களே அரசுக்குத் தெரிவிக்கலாம்

மாத்திரை போட்ட மறுநாள் உடம்பெல்லாம் தடிப்பு. "ஒத்துக்கலை" என்று சொல்லி, அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு டாக்டரைப் பார்க்கிறோம். தகவலும் குப்பையோடு போய்விடுகிறது. இதைத் திரட்டத்தான் மத்திய அரசு 2010 முதல் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்துகிறது. காசியாபாத்தில் உள்ள, மருந்துகளின் தர அளவுகளை வகுக்கும் இந்திய பார்மகோபியா ஆணையம்தான் இதன் தேசிய மையம். டாக்டர்கள் மட்டுமல்ல, நோயாளியோ வீட்டில் இருப்பவரோ நேரடியாகத் தெரிவிக்கலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

வேலை நாட்களில் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம். நோயாளிகளுக்கென்று தனிப் படிவம் உண்டு, தமிழிலும் கிடைக்கிறது. பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான மையம் இருக்கிறது, அங்கே கொடுக்கலாம். நோயாளியின் முழுப்பெயர் தேவையில்லை, முதலெழுத்துகள் போதும். என்ன மருந்து, எதற்காக, எப்போது தொடங்கினீர்கள், உடம்புக்கு என்ன ஆனது, இப்போது எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம், சந்தேகம் இருந்தாலே போதும். டாக்டர் மேல் போடும் புகாரும் அல்ல இது. நஷ்ட ஈடு எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சிக்கல் வருவது பேட்ச் எண்ணில், அதாவது மருந்து எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்ணில். கடையில் ஐந்து மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது எண் அச்சிட்ட ஓரம் கடைக்காரரிடமே தங்கிவிடும். அதனால் பில் கேட்டு வாங்குங்கள், பேட்ச் எண் அதில் இருக்கும். மருந்து முடியும்வரை அட்டையையும் வைத்திருங்கள்.

சின்னத் தொந்தரவுகளையும் தெரிவிக்கலாம். அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டில் வயிறு இளகுவது, மெட்ரோனிடசோலில் வாயில் உலோகச் சுவை, டாக்சிசைக்ளினில் வெயில் பட்டால் தோல் எரிவது எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவைதான், ஆனாலும் ஏற்பார்கள். இவற்றுக்காக மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

முகமோ உதடோ வீங்கினால், மூச்சுத் திணறினால், தோல் கொப்புளித்து உரிந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், படிவம் அப்புறம். சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிடும்போது குதிகாலுக்கு மேலே நரம்பு இழுப்பதுபோல் வலித்தால் அடுத்த மாத்திரையைப் போடும் முன் டாக்டரிடம் பேசுங்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் பாதிப்பாக இருக்கலாம்.

வந்த தகவல்களை நிபுணர்கள் அலசுகிறார்கள். ஒரே பாதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்கும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பரிந்துரை போகும். உங்கள் அலர்ஜி விவரம் மட்டும் இதன் வழியாக எந்த டாக்டருக்கும் போகாது. அந்த மருந்தின் பெயரை எழுதி உங்கள் மருத்துவச் சீட்டுகளோடு வைத்துக்கொள்வது உங்கள் வேலை.