என்.கே. செல் கூடுதலா? ட்ரிப் ஏற்ற ஒப்புக்கொள்வதற்கு முன் இதைப் படியுங்கள்

அடுத்தடுத்து கரு கலைந்த பிறகு வருகிற பெண்களின் ஃபைலில் இப்போதெல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. என்.கே. செல் (நேச்சுரல் கில்லர், நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகை) 18 சதவீதம், சுற்றிலும் சிவப்பு மையில் வட்டம். "என் உடம்பே குழந்தையைக் கொன்னுடுச்சா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். இல்லைம்மா, அந்த எண்ணை வைத்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களில் 5 முதல் 20 சதவீதம் வரை இந்தச் செல்கள் இருக்கலாம், மாடிப்படி வேகமாக ஏறினால்கூட எண்ணிக்கை கூடும்.

வைரஸ் புகுந்த செல், புற்றுநோய்ச் செல் இவற்றை அழிப்பது என்.கே. செல்லின் வேலை. ஆனால் எதிர்ப்பட்டதையெல்லாம் அது அடிப்பதில்லை. அதன் மேற்பரப்பில், மற்ற செல்களின் மூலக்கூறுகளைப் பற்றி உணரும் ஏற்பிகள் உண்டு; தூண்டும் ஏற்பிகளும் உண்டு, தடுக்கும் ஏற்பிகளும் உண்டு. நம் செல்கள் பெரும்பாலும் எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறுகளை வெளியே காட்டிக்கொண்டிருக்கும், என்.கே. செல்லின் கே.ஐ.ஆர். ஏற்பிகளில் தடுக்கும் வகை அதைப் பற்றிக்கொண்டால் 'விட்டுவிடு' என்ற சமிக்ஞை உள்ளே போகும். எச்.எல்.ஏ.வைப் பார்த்துத் தாக்கும் டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவிடமிருந்து தப்பிக்க வைரஸோ புற்றுநோயோ எச்.எல்.ஏ.வை மறைத்தால் இங்கே தடை விலகி மாட்டிக்கொள்ளும். ஸ்வீடனின் கிளாஸ் கார்ரே குழு 1986இல் எலிகளில் காட்டியது இதைத்தான். தடை விலகினால் மட்டும் போதாது, தூண்டுதலும் வேண்டும்: நெருக்கடியில் இருக்கும் செல் மைக்கா போன்ற புரதங்களை வெளியே தள்ளும், அதை என்.கே.ஜி.2.டி. என்ற ஏற்பி பிடிக்கும். இரண்டில் எது ஓங்குகிறதோ அதுதான் முடிவு.

சரி, கர்ப்பப்பைக்கு வருவோம். முதல் மூன்று மாதங்களில் அதன் உட்படலத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் என்.கே. செல்கள்தான், ஆனால் இவை கையில் எடுக்கிற ரத்தத்தில் இருப்பவை அல்ல, குணமே வேறு, கொல்வது மிகவும் குறைவு. நஞ்சுக்கொடியிலிருந்து ஊடுருவி வரும் செல்கள் எச்.எல்.ஏ. சி, இ, ஜி ஆகியவற்றைக் காட்டும். சி-யில் ஒரு பங்கு அப்பாவிடமிருந்து வந்தது. அதைத் தாயின் கே.ஐ.ஆர். உணர்ந்ததும், குழந்தைக்கு ரத்தம் போகும் குழாய்கள் அகலமாவதற்கான பொருட்களை இந்தச் செல்கள் சுரக்கின்றன. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழு கண்டது இன்னும் முக்கியம்: தாயின் கே.ஐ.ஆர். மரபணுக்கள் தடுக்கும் பக்கமே சாய்ந்திருந்து, குழந்தையிடம் எச்.எல்.ஏ. சி-யின் சி2 வகை இருந்தால் ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக உயரும் நோய்) வரும் ஆபத்து கூடுகிறது. அதாவது இந்தச் செல்கள் அளவுக்கு மீறி அடங்கிப்போனாலும் சிக்கல்தான்.

அப்புறம் எதற்காக ஸ்டீராய்டு, ட்ரிப்பில் ஏற்றும் இன்ட்ராலிப்பிட் (கொழுப்புக் கரைசல்), இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி மருந்து) என்று கொடுத்து அவற்றை அடக்குகிறார்கள்? எனக்கும் இது ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான எஷ்ரே, என்.கே. ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், பணச்செலவு தனி.

முதலில் பார்க்க வேண்டியவை வேறு. தைராய்டு, கர்ப்பப்பையின் அமைப்பு, கலைந்த கருவின் குரோமோசோம், ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (ரத்தம் உறைவதைத் தூண்டும் ஒரு ஆன்டிபாடி). கடைசியாகச் சொன்னது உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுக்கலாம், ஆனால் ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.