விற்பனை வேலைக்குப் போகுமுன், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்

"வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்" என்பது எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. உயர்தரப் பெறுபேறு நினைத்தபடி வராத பிள்ளை கொஞ்சம் கலகலப்பாகப் பேசக்கூடியவராக இருந்துவிட்டால் போதும், "ஏதாவது கம்பனியில் சேல்ஸுக்குப் போகலாமே" என்று சித்தப்பாவோ பக்கத்து வீட்டு மாமாவோ வழிகாட்டிவிடுவார். யாழ்ப்பாணத்தில் விற்பனைப் பிரதிநிதிகளை நேர்முகம் கண்டு தெரிவு செய்வதும், தெரிவானவர்களைப் பழக்குவதும் என் தொழில். நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் நான் யாரையும் எடுப்பதில்லை. என் கண்முன் வேலையை விட்டுப் போனவர்களில் வாய்க்காரர்களே அதிகம்.

காரணம், இங்கே விற்பனை என்பது பாதி வேலைதான். பிஸ்கட், சவர்க்காரம், தேயிலை போன்றவற்றை விற்கும் ஒரு பிரதிநிதியின் கிழமையைப் பாருங்கள். திங்கள் திருநெல்வேலி, செவ்வாய் மருதனார்மடம், சுன்னாகம், இன்னொரு நாள் நெல்லியடி, பருத்தித்துறை, மற்றொரு நாள் ஊர்காவற்றுறைப் பக்கம் என்று அவருக்கு ரூட் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். கடை கடையாக ஏறி ஓடர் எடுப்பார். விநியோகத்தரின் வாகனம் அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ பொருளை இறக்கும். கடைக்காரர் கொஞ்சம் காசாகக் கொடுப்பார், மீதியைக் கடனாக வைப்பார் அல்லது பின்திகதியிட்ட காசோலை எழுதுவார். அந்தக் கடனை வாங்கிக்கொண்டு வர வேண்டியவரும் அதே பிரதிநிதிதான். காசோலை வங்கியிலிருந்து திரும்பினால் முதல் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான் வரும். வசூல் முடியும்வரை கமிஷனை நிறுத்தி வைக்கும் இடங்களும் உண்டு.

கொழும்பில் இந்த வசூல் வெறும் தொழில். இங்கே அப்படியில்லை. கடைக்காரர் உங்கள் அம்மாவின் ஊர்க்காரராக இருப்பார், அல்லது உங்களுக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியரின் தம்பியாக இருப்பார், அதுவும் இல்லாவிட்டால் கோயில் திருவிழாவில் உங்களுக்குப் பக்கத்தில் நின்று தேர் வடம் பிடித்தவராக இருப்பார். "தம்பி, அடுத்த கிழமை வாரும்" என்று அவர் சிரித்தபடி சொல்லும்போது, அந்த அடுத்த கிழமை எந்தத் திகதி என்று முகம் மாறாமல் கேட்க வேண்டும். சிரிப்பைக் குறைக்கவும் கூடாது, திகதியை விடவும் கூடாது. இது எல்லோருக்கும் வராது. வராதது குறையும் இல்லை. ஆனால் வேலைக்குச் சேருமுன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அதனால்தான் நேர்முகத்தில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "நீர் யாருக்காவது கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறீரா? என்ன சொல்லிக் கேட்டீர்?" பலர் நெளிவார்கள். "கேட்கவில்லை, விட்டுவிட்டேன்" என்பவர் பெரும்பாலும் நல்ல மனிதர், நல்ல நண்பர். விற்பனையில் அவர் இரவில் தூங்க மாட்டார். "வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டு வாங்கினேன்" என்று பெருமையாகச் சொல்பவரும் உண்டு. அவர் ஒரு தடவை வசூலிப்பார், அதன்பின் அந்தக் கடைக்கு வேறொருவரை அனுப்ப வேண்டியிருக்கும். கேட்டேன், இவ்வளவு கிடைத்தது, மீதிக்கு இன்ன நாள் பேசினோம், இப்போதும் பேசிக்கொள்கிறோம் என்று சொல்பவரைக் கண்டால் நான் அடுத்த கேள்விக்குப் போவேன்.

நான் பழக்கியவர்களில் வடமராட்சிப் பையன் ஒருவர் அதிகம் பேசவே மாட்டார். நேர்முகத்தில் ஒற்றை வரியில் பதில் சொன்னதால் என்னுடன் இருந்த முகாமையாளர் அவரை வேண்டாம் என்றார். அவரிடம் இருந்தது ஒரு கொப்பி. எந்தக் கடையில் எந்த நாளில் பணம் புழங்கும் என்று அதில் எழுதி வைத்திருந்தார். வெங்காயத் தோட்டங்களை நம்பிய கடைகளில் அறுவடை முடிந்து சந்தை கூடிய பின்பு, கரையோரக் கடைகளில் கடல் அடங்கித் தொழில் நன்றாக நடக்கும் நாட்களில், உத்தியோகத்தர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் சம்பளம் கைக்கு வந்த மாதக் கடைசியில் என்று நாள் பார்த்துப் போவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலும் தோட்டமும் ஒன்றாகப் படுத்துவிடும் என்பதால், அந்த மாதங்களில் புதுக் கடன் கொடுக்கவே யோசிப்பார். கடைக்காரர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. விற்க முடியாத சரக்கை அவர் ஒருபோதும் தலையில் கட்டியதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இந்தத் துறைக்குச் சரிப்பட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

எல்லா விற்பனையும் கடைக்குக் கடை ஏறும் வேலை அல்ல. மருந்துப் பிரதிநிதி வைத்தியர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். பகல் முழுவதும் வைத்தியசாலையில் இருப்பவர்கள் மாலையில்தான் தனியார் சிகிச்சைக்கு வருவார்கள் என்பதால், அவருடைய நாள் இரவில்தான் முடியும். லீசிங் நிறுவனங்களில் வசூலின் பாரம் இன்னும் அதிகம். காட்சியறையில் நின்று விற்பது வெயிலில் அலைய விரும்பாதவர்களுக்குப் பொருந்தும், ஆனால் பண்டிகை நாட்களில் விடுமுறை கிடையாது.

காப்புறுதியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் நுழைவதும் ஏமாற்றத்தோடு வெளியேறுவதும் அங்கேதான். காப்புறுதி முகவராக இணையும்முன் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு விதித்த பரீட்சையில் சித்தியடைய வேண்டும். முகவர் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர் அல்லர், அவர் கமிஷனுக்கு உழைப்பவர். ஆயுள் காப்புறுதியில் முதலாம் ஆண்டுக் கமிஷன் அதிகம், பின்வரும் ஆண்டுகளில் குறையும். ஆகவே ஓயாமல் புதியவர்களைத் தேட வேண்டும். முதல் சில மாதங்கள் அத்தை, மாமா, வகுப்புத் தோழர் என்று நன்றாகவே போகும். உறவினர் பட்டியல் தீர்ந்த பிறகு முன்பின் தெரியாதவரின் படலையைத் தட்ட முடியுமா என்பதில்தான் அந்தத் தொழில் உங்களுக்கானதா என்பது தெரியவரும். தட்ட முடிந்தவர்கள் நல்ல வருமானத்தோடு வாழ்கிறார்கள், அதையும் மறைக்கக்கூடாது.

இனி நியமனக் கடிதம். "அறுபதாயிரத்துக்கு மேல் உழைக்கலாம்" என்ற விளம்பரத்தை நம்பி வருபவர்கள், அதில் எவ்வளவு நிச்சயம், எவ்வளவு கமிஷன் என்று கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேளுங்கள். 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்த அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், அதாவது 2,400 ரூபா கழியும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 3,600 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் இன்னும் 3 வீதம் செலுத்த வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. கமிஷனும் சேமலாப நிதிக் கணக்கில் சேர வேண்டிய வருமானமே. பலர் இதை அறியாததால், அடிப்படையைச் சிறிதாகக் காட்டி, மற்றதெல்லாம் கணக்கில் சேராமல் வருடக்கணக்கில் போய்விடுகிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தால், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. நான்கரை ஆண்டில் கோபித்துக்கொண்டு விலகியவர்களை எனக்குத் தெரியும்.

பெற்றோல் செலவை யார் ஏற்பது, மோட்டார் சைக்கிள் யாருடையது, டயரும் சேவிஸும் யார் தலையில், திரும்பிய காசோலையின் நட்டம் உங்கள் கமிஷனில் கழிக்கப்படுமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக முகாமையாளர் தந்த உறுதி, அவர் மாற்றலாகிப் போகும் நாளோடு முடிந்துவிடும். சேமலாப நிதி செலுத்தப்படவில்லை என்று தெரிந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இன்னொன்று. சேர்வதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும், உங்கள் வருமானம் பொருளில் அல்லாமல் நீங்கள் சேர்க்கும் ஆட்களில் தங்கியிருக்கிறது என்றால், அது விற்பனை வேலையே அல்ல. வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு இத்தகைய பிரமிட் திட்டங்களைத் தடைசெய்திருக்கிறது. மத்திய வங்கி தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்களை வெளியிட்டும் வருகிறது. அழகான மண்டபத்தில், கைதட்டலோடு நடக்கும் கூட்டத்துக்கு உங்கள் நண்பர் அழைத்தாலும் இதே கதைதான்.

வீட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று, அதாவது எந்த வேலையானாலும் அரசாங்க வேலையாக இருக்க வேண்டும் என்று வளர்ந்த சமூகம் இது. கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை சேல்ஸ் ரெப்" என்று சொன்னதும் எதிர்த்தரப்பின் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் தென்னிலங்கைப் பட்டணங்களில் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக் கடை இல்லாத தெருவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த காலமும் இருந்தது. முன்பின் தெரியாத ஊரில், சிங்களம் பேசிக் கடன் கொடுத்து வசூலித்த பாட்டனார்களின் பேரப்பிள்ளைகள் வியாபாரம் நமக்கு ஒத்துவராது என்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அவர்கள் கற்ற சிங்களம் இன்றும் தேவை. கடையில் தமிழ் போதும், தலைமையகத்தின் மாதாந்தக் கூட்டத்தில் போதாது. பிரதிநிதியாக நன்றாக ஓடியவர்கள் மேற்பார்வையாளர் பதவிக்கு உயராமல் நின்றுபோன இடம் பெரும்பாலும் அதுதான்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த வேலை பொருந்தாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வசூலில் அவர்கள் பிசகுவது குறைவு. தடையாக இருப்பது ரூட்டின் தூரமும் திரும்பும் நேரமும்தான். அதைச் சேருமுன்பே பேசி எழுதிக்கொள்ளலாம்.

இன்னும் முடிவு வரவில்லையென்றால் தெரிந்த பிரதிநிதி ஒருவரோடு ஒருநாள் முழுவதும் கூடவே போய் வாருங்கள். இலக்கு முடியும் மாதக் கடைசிக் கிழமையில் போங்கள். அவர் மதியம் எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், கடையில் "இல்லை" என்று கேட்டபின் அடுத்த கடைக்கு என்ன முகத்தோடு ஏறுகிறார், மாலையில் வீட்டுக்கு வந்தும் எத்தனை அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். அந்த ரூட்டில் அவருக்கு முன் இருந்தவர் ஏன் போனார் என்றும் கேளுங்கள். ஆனால் தீபாவளிக்கு முந்திய கிழமையிலோ நல்லூர்த் திருவிழா நாட்களிலோ போக வேண்டாம். அப்போது யார் போனாலும் விற்கும்.